வாசலிலேயே நின்று எழுதிய ‘நலம்’

வீடு சந்திப்பு வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதுகிறேன். போதகர் என்னை மைக் முன்னால் நின்று அனுபவத்தைச் சொல்லச் சொன்னார். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். ரெங்கம் பக்கத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போவது, என்ன வசனம் வாசிப்பது என்பதையெல்லாம் போதகர் சொல்லித் தருவார். இந்தப் பத்து பாகாட் ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் நான் ஏறி இறங்கிய வீடுகளில், ஒரு வீட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ரூபி என்று ஒருத்தி நம் சபையில் இருந்தாள். நீங்கள் வருவதற்கு முன்னால். துணி பேக்டரியில் தையல் மெஷினில் வேலை பார்த்தவள். புருஷன் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஈப்போவில் ஒரு அண்ணன், அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியால் காலில் ஒரு புண் வந்து வேலையை விட்டுவிட்டாள். அந்தப் புண்ணை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவள் கட்டு மாற்றும்போது தற்செயலாகப் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ரூபி ஆராதனைக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம் ஆயிற்று. சபையில் என்ன சொன்னோம் தெரியுமா? “பின்வாங்கிப் போயிட்டாங்க.” விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள் என்று அர்த்தம். ஒரு ஆள் வராமல் போனால் நமக்குக் கையில் தயாராக இருக்கிற சொல் அதுதான். வாட்சப் குழுவில் அவள் பேரைப் போட்டு, எல்லாரும் கும்பிடுகிற கை படத்தை அனுப்பினோம். நானும்தான் அனுப்பினேன்.

வாராவாரம் வியாழக்கிழமை காலையில் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. கேட் பூட்டியிருக்கும். கதவு பாதி திறந்திருக்கும், உள்ளே இருட்டு. நான் கேட்டைத் தட்டுவேன்.

“ரூபி, ஸ்தோத்திரம்மா!”

“ஸ்தோத்திரம்க்கா!” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

“நல்லா இருக்கியா?”

“ஸ்தோத்திரம்க்கா!”

“பீஹூன் பெரட்டிக் கொண்டாந்தேன். கேட்டுல மாட்டிட்டுப் போகவா?”

“ஸ்தோத்திரம்க்கா!”

இவ்வளவுதான். நம்மிடம் இந்தச் சொல் எல்லாவற்றுக்கும் ஆகும். வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். ஆமாம் என்பதும் அதுதான், போதும் கிளம்பு என்பதும் அதுதான். அவள் எதைச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. மற்றவர் வீட்டுக்குள் நுழைவது எனக்கு எப்போதுமே கூச்சம். இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் அது போகவில்லை. உள்ளே போகாமலேயே வேலை முடிந்துவிட்டது அல்லவா? பொட்டலத்தை மாட்டிவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து சந்திப்பு நோட்டில் எழுதுவேன்: ரூபி, சந்தித்தேன், நலம்.

ஆறு வியாழக்கிழமை அப்படி எழுதினேன். அந்த நோட்டு இன்னும் சபை அலமாரியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஏழாவது வியாழக்கிழமை, பொட்டலத்தை மாட்டிவிட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். தாமானில் எல்லாரும் அவரை மக்சிக், அதாவது பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காலைச் சுற்றி நாலைந்து பூனைகள்.

“கெனாப்பா தாக் மாசோக்?” என்று கேட்டார்.

ஏன் உள்ளே போவதில்லை என்று அர்த்தம். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாளே என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன்.

மக்சிக் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “நன்றாக இருக்கிறாளா? பத்து நாளாகப் பின்பக்கக் கதவு வழியாகப் போய் நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். நான்தான் துடைத்துவிடுகிறேன். அவளால் எழுந்து நிற்க முடியாது. ஆஸ்பத்திரி என்றால் அழுகிறாள். நீ அவளுடைய கெரேஜா சபை ஆள்தானே? வாராவாரம் வருகிறாய், பாடுகிற மாதிரி என்னமோ சொல்கிறாய், போய்விடுகிறாய்.”

“அந்தப் பொட்டலம்…” என்று இழுத்தேன்.

“அவள் தொடுவதில்லை. என் பூனைகள்தான் சாப்பிடுகின்றன. அதுகளுக்கு உன் சமையல் ரொம்பப் பிடித்திருக்கிறது.”

அவர் கிண்டலுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்து நாள் என்றால் அதற்குள், அன்றையதோடு சேர்த்து, நான் இரண்டு முறை வந்திருக்கிறேன். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டுப் போய், நலம் என்று எழுதியிருக்கிறேன்.

மக்சிக் என் கையைப் பிடித்துப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். அடுப்படிக்குள் கால் வைத்ததுமே வாடை அடித்தது. ரூபி கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். விரல்கள் கறுத்திருந்தன. கருமை பாதத்தில் பாதிவரை ஏறியிருந்தது.

“ரூபி, என்னம்மா இது? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “சொல்லி? புதன்கிழமை கூட்டத்துல எந்திரிச்சிச் சொல்லவா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“போன தடவ கட்டு மாத்துறப்ப பாத்தீங்க. அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல சொன்னீங்களா இல்லையா? அடுத்த ஞாயித்துக்கிழமை நான் போய் உக்காந்தேன். ஏர்கான் போட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. கிரேஸம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. மூக்கை ஒரு மாதிரி சுளிச்சாங்க. பேக்க எடுத்துட்டுப் பின் வரிசைக்குப் போயிட்டாங்க. சமாதானம் சொல்லிக் கை குடுக்கிற நேரம் ஒரு ஆள் எங் கையப் பிடிக்கலக்கா. எல்லாரும் தூரத்துல நின்னு கும்பிடு போட்டாங்க. நான் என்ன, செலையா?”

பிள்ளைகளே, ஆமாம், நான் சொன்னேன். “ஜெப விண்ணப்பம் இருந்தா சொல்லலாம்” என்று போதகர் கேட்டார். வழக்கமாக வாய் திறக்காத நான் எழுந்தேன். “ரூபி சிஸ்டருக்காக ஜெபிச்சுக்கோங்க. கால் புண்ணு சீழ் வச்சி வாடை அடிக்குது, பாவம், யார்கிட்டயும் சொல்லல” என்றேன். எல்லாரும் ச்சூ கொட்டினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூச்சக்காரியாகிய எனக்கு அது இனித்தது. அன்பினால்தான் சொன்னேன் என்று அத்தனை வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல என்று நானே சொல்லிக்கொண்டு, அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அவள் பின்வாங்கவில்லை. நாம் அவளை விட்டுப் பின்வாங்கியிருக்கிறோம்.

அங்கேயே இன்னொரு தப்புச் செய்யப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் போனை எடுத்தது. ‘அவசர ஜெபம்’ என்று பெண்கள் ஐக்கியக் குழுவில் தட்ட ஆரம்பித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ரூபி என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோழி கத்தியைப் பார்க்கிற பார்வை. தட்டியதை அழித்தேன். போனை அவள் கையில் கொடுத்தேன்.

“நீயே வச்சிக்க. நீ சொல்ற வரைக்கும் எனக்கு வேணாம்.”

அவள் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், சத்தம் கேட்டுத் தாமானே கூடிவிடும் என்றாள். மக்சிக்கின் மருமகன் காரைக் கொண்டுவந்தார். காலை ஒரு பழைய சாரோங்கில் சுற்றி, மக்சிக் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்: “ஆன்ட்டி, முட்டிக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே எடுக்கணும். விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருச்சு. லேட் பண்ணா காலு இல்ல, உயிரே போயிடும்.”

ரூபி முடியாது என்றாள். “செத்தாலும் முழுசா சாகுறேன். கையெழுத்துப் போடமாட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸி கையில் சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு, நான் யார், அடிக் பெராடிக்கா, கூடப் பிறந்தவளா என்று கேட்டார். சபையில் சகோதரி சகோதரி என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அல்லவா, நான் சட்டென்று ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

“இல்ல,” என்றாள் ரூபி. வார்டே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இவங்க எனக்கு சிஸ்டர்.”

என் வாழ்நாளில் யாரும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. ஓடிப்போய் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடாமல் நின்றது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம்.

“என்னை மன்னிச்சிரு ரூபி.”

“எதுக்கு? சொல்லுங்க. கூட்டத்துல என்ன சொன்னீங்களோ அதை அப்படியே இங்க சொல்லுங்க.”

“வேணாம்மா…”

“சொல்லுங்கக்கா. எல்லாரும் கேட்டாங்க. நான் மட்டும்தான் இன்னும் கேக்கல.”

சொன்னேன். சீழ், வாடை, எல்லாவற்றையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கூட்டத்தில் அவ்வளவு சுலபமாக வந்த சொற்கள் அங்கே ஒவ்வொன்றும் கல்லாக வந்தன. அவளைப் பற்றி ஒன்றைப் பேசலாமா கூடாதா என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் ஒரு அளவு கிடைத்தது. அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை, அவள் இல்லாத இடத்தில் ஜெபம் என்று பேர் வைத்துச் சொல்லக்கூடாது.

“பாவம்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“ஹ்ம். நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் அவளுக்கு ஒரு வசனமும் சொல்லவில்லை. பேசியது மக்சிக்தான். தமிழில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது; காலை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மிஸி மலாயில் சொல்லியிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டு மலாயில் சொன்னார்: “ஒரு காலோடு வந்தாலும் நீ என் பக்கத்து வீடுதானே. நீ போய்விட்டால் என் பூனைகளை யார் ஏசுவது? அதுகள் கெட்டுப்போய்விடும்.”

ரூபி அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மிஸியிடம் பேனா கேட்டாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

“பொழச்சாலும் செத்தாலும் நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது. ஜெபத்துக்குன்னுகூட.”

“சொல்லமாட்டேன்.”

என் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் இரண்டு கிழவிகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மக்சிக் தன் ஜெபத்தைச் செய்தார். நான் என் ஜெபத்தைச் செய்தேன். யாருக்கும் கேட்கவில்லை. மத்தியானம் தாண்டி டாக்டர் வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றாள்.

அடுத்த புதன்கிழமை ஜெபக்கூட்டம். ஆஸ்பத்திரியில் யாரோ என்னைப் பார்த்திருக்கிறார்கள். போதகர் நல்ல மனதோடுதான் கேட்டார்: “ரூபி சிஸ்டர் வார்டுல இருக்காங்களாமே. அக்கா, எந்திரிச்சி விவரம் சொல்லுங்க, எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கலாம்.”

எல்லாத் தலையும் திரும்பியது. முன்பு இனித்த அதே பார்வை. நான் எழுந்தேன்.

“எனக்குத் தெரியும் பாஸ்டர். ஆனா சொல்லமாட்டேன்.”

சலசலப்பு எழுந்தது. கிரேஸம்மா வாய்விட்டே கேட்டார்: “அலமாக்! என்னான்னு தெரியாம எப்படிக்கா ஜெபிக்கிறது?”

“ஆண்டவருக்குத் தெரியும்லா. உங்களுக்கும் தெரியணும்னா நேராப் போய் அவகிட்ட கேளுங்க. சொன்னா கேட்டுக்குங்க, சொல்லலன்னா சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வாங்க.” அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பாதிப் பழி இன்னும் என்னிடம் இருந்தது. “முன்ன ஒருதடவ அவளப் பத்தி இங்க நின்னு சொன்னேன்ல? அது ஜெபமில்ல, கோள். நான்தான் சொன்னேன். அதக் கேட்டுட்டு அவ கையப் பிடிக்காம விட்டது நாமெல்லாரும்.”

போதகர் தலை குனிந்து, இன்றைக்கு வாய் திறக்காமல் ஜெபிப்போம் என்றார். அப்படி ஒரு ஜெபக்கூட்டம் நம் சபையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கிரேஸம்மா என்னோடு வெகுநாள் பேசவில்லை. ஆனால் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ரூபி தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாளாம். கிரேஸம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம். அதை மிஸி சொல்லித்தான் ரூபிக்குத் தெரியும். சபையில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரூபி வீட்டுக்கு வந்தபோது வீட்டுச் சாவியில் ஒன்றை மக்சிக்கிடம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. நான் மறுபடியும் வியாழக்கிழமைகளில் போய் கேட்டில் நின்றேன். இந்த முறை நேராகக் கேட்டேன்: “உள்ள வரலாமா ரூபி?”

“வேணாம்க்கா.”

“சரிம்மா. அடுத்த வாரம் வந்து கேக்கட்டா?”

“கேளுங்க.”

வேண்டாம் என்று ஒருத்தி தெளிவாகச் சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. பூசி மெழுகாமல் எனக்கு ஒரு பதிலைத் தந்தாள். நோட்டில் நான் அதையே எழுதினேன்: உள்ளே விடவில்லை. நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். கண்ணால் பார்க்காததை எழுதாதீர்கள். நான் இப்போது எழுதுகிற இதையும் ரூபிக்கு முழுக்க வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் உங்களிடம் தருகிறேன்.

எத்தனை வாரம் என்று எண்ணவில்லை. ஒரு வியாழக்கிழமை கேட் திறந்திருந்தது. ரூபி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அவள் குறுக்கே புகுந்து ஒரு நகவெட்டியை என் பக்கம் நீட்டினாள்.

“எனக்குக் குனிய முடியலக்கா. மக்சிக்குக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இந்தக் கால் நகத்த வெட்டிவிடுங்க.”

இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கால் நகம் வெட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கீறல் விழுந்தால் போதும். முதல் கால் போனதும் அப்படி ஒரு சின்னக் கீறலில்தான். மிச்சம் இருப்பது ஒன்று.

“நான் வேணாம்மா. மிஸிகிட்ட சொல்லுவோம். என் கை நடுங்குது பாரு.”

“நடுங்கட்டும், மெதுவா வெட்டுங்க.” பிறகு உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னாள்: “வெட்டிட்டு வெளிய போய்ச் சொல்லாம இருந்தா சரி.”

தரையில் உட்கார்ந்தேன். அவள் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று மக்சிக் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டை விரலில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு நகத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். சுண்டு விரல் முடிந்ததும், எங்காவது ரத்தம் தெரிகிறதா என்று விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அவள் காலை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கீழே வைக்கவில்லை.